சென்ரர் ஐலண்டில நான் வெட்டின கை

ஞாயிற்றுக்கிழமையில, ஏரிக்குள்ள இருக்கிற சென்ரர் ஐலண்டுக்குப் போறது எப்பிடி எண்டு எழுதித் தரச்சொல்லி றோனியோவில உருட்டி அடிக்கிற எங்கட தமிழ் இதழ்க்காரர் கேட்டவை. வழி சொல்லுறன். ஆனா நான் தீவு பாக்கப் போகேல்லை. இந்த 1975 ஜூலையில, அல்ஸ்ரர்க்காரரின்ர பிக்னிக்கில ஒரு கதை சொல்லப் போனனான். போகாமல் விட்டிருக்கலாம்.

படிப்பை விட்டாப்பிறகு குயின் ஸ்ரீற்றில ஒரு சாப்பாட்டுக்கடையில கோப்பை கழுவுறன். பக்கத்துச் சிங்கில நிக்கிறவன் ஹியூ. அயர்லாந்தில நாலு மாகாணம், வடக்கில இருக்கிறது அல்ஸ்ரர். அதில ஒன்பது கவுண்டி. ஆறு பிரிட்டிஷ்காரனோட, மூண்டு குடியரசோட. ஹியூ அந்த மூண்டில ஒண்டு, டொனகோல். றேடியோவில அங்க குண்டு வெடிச்ச செய்தி வந்தா அவன் பைப்பைப் பெரிசாத் திறந்து விடுவான்.

போன மாரியில ஒருநாள் அவன் தன்ர ஊர்க் கதையைச் சொன்னான். அல்ஸ்ரருக்கு ஆர் ராசா எண்டு பிரச்சினை வந்ததாம். வள்ளத்தில போட்டி, ஆரின்ர கை முதல்ல கரையில படுதோ அவனுக்கு நாடு. பின்னுக்குப் போனவன் ஒருத்தன் வாளை எடுத்துத் தன்ர கையையே வெட்டிக் கரைக்கு எறிஞ்சு போட்டான். அவன்தான் ராசா. அந்தச் சிவத்தக் கை இப்பவும் அவையின்ர கொடியில இருக்கு.

"உன்ர ஊர்ப் பேரில ஹார்ப் இருக்கெண்டு சொன்னனீ. அது என்ன கதை?" எண்டு கேட்டான்.

எங்கட கதை உங்கள் எல்லாருக்கும் தெரியும். கண் தெரியாத பாணன் ஒருத்தன் ராசாவுக்கு முன்னால யாழை, நான் ஹியூவுக்கு ஹார்ப் எண்டு சொன்னதை, வாசிச்சுப் பாடினான். ராசா சந்தோசப்பட்டு ஆளில்லாத மணல்காட்டைப் பரிசாக் குடுத்தான். அதுதான் யாழ்ப்பாணம். கையை வெட்டி எறிஞ்சு நாடு பிடிச்சவனுக்கு முன்னால உதைச் சொல்ல எனக்கு வெக்கமாக் கிடந்தது. மேசையில வெயிற்றருக்கு விட்டிட்டுப் போற ரிப்ஸ் மாதிரிக் கிடைச்ச ஊர் எண்டு நினைப்பான். அதால ஒரு பொய் விட்டன். எங்கட இளவரசன் ஒருத்தன் கட்டுமரத்தில வந்தவன், கரை தட்ட முந்தித் தன்ர இடக்கையை வெட்டி எறிஞ்சு ராசாவானவன், பிறகு ஹார்ப் வாசிச்சவன், அதால ஊருக்கு அந்தப் பேர் எண்டு.

ஹியூ கழுவுறதை நிப்பாட்டிப்போட்டு என்னைப் பாத்தான். "ரண்டு ஊருக்கும் ஒரே கையடா" எண்டான். அண்டையிலிருந்து அவன் எனக்குச் சிநேகிதன். பிக்னிக்குக்கும் அவன்தான் கூப்பிட்டவன். தன்ர மனிசியின்ர தங்கச்சி மோலி ஹார்ப் வாசிக்கிறவவாம். ஹார்ப்பின்ர பேரில ஊரே இருக்கெண்டு கேட்டு, அந்தக் கதைக்காகவே ஹமில்டனில இருந்து வாறாவாம்.

வெளிக்கிடேக்க, என்னோட ஒரே அறையில இருக்கிற வசந்தன் அண்ணை, "அங்கயும் கோப்பை கழுவவோடா போறாய்?" எண்டு கேட்டார். இல்லையண்ணை, பேசப் போறன் எண்டன். கடவுளே.

இனி வழி. பார்க்டேலில கிங் ஸ்ரீற்கார் எண்ட ட்ராமில ஏறி பே ஸ்ரீற்றில இறங்குங்கோ. அப்பிடியே தெற்கால, றெயில் பாலத்துக்குக் கீழால நடந்தா, தீவுக்குப் போற பெரிய வள்ளங்களின்ர துறை. வெய்யில் நாளில கியூ நீளம், பத்து மணிக்கு முந்திப் போங்கோ. ரிக்கற் போகேக்கதான், வரேக்க ஒருத்தரும் கேக்கமாட்டினம். மேல்தட்டில பின்பக்கமா நிண்டா, கட்டி முடியாத அந்தப் பெரிய டவரும் முழுப் பட்டணமும் தெரியும். மெல்லிய சுவெற்றர் ஒண்டு கொண்டு போங்கோ, ஏரிக்காத்து ஜூலையிலயும் குளிரும்.

பிக்னிக்கில நாப்பது பேர் வரும். பன்றியிறைச்சி, உருளைக்கிழங்கு, பிளாஸ்கில தேத்தண்ணி. ஆறு கவுண்டி ஆக்களும் மூண்டு கவுண்டி ஆக்களும் ஒரே பாயில இருந்தவை. பொலிற்றிக்ஸ் கதைக்கிறேல்லை எண்டு கட்டுப்பாடு. சின்னனுகள் வள்ளத்தில போட்டிபோட்டு வந்து, சிவப்புக் கையுறையைக் கரைக்கு எறிஞ்சுதுகள்.

மோலி ஹார்ப்பை மடியில சாய்ச்சு வைச்சுக்கொண்டு இருந்தா. நாப்பது வயசிருக்கும். தேத்தண்ணிக் கோப்பையைத் தடவி எடுக்கேக்கதான் கவனிச்சன், அவவுக்குக் கண் தெரியாது. ஹியூ அதைச் சொல்லவேயில்லை.

அவ வாசிச்சிட்டுச் சொன்னா, முந்தி அல்ஸ்ரரில கண் தெரியாத பிள்ளையளை ஹார்ப் பழக்குவினமாம். பெரிய ஹார்ப்காரரில கனபேர் அப்பிடித்தானாம். பிரபுக்கள் வீட்டுக்கு வீடு போய் வாசிப்பினமாம், பாட்டுக்குக் குதிரை குடுப்பினமாம், சிலருக்கு இருக்க நிலமும் குடுப்பினமாம். அதைச் சொல்லேக்க அவவின்ர முகத்தில இருந்த பெருமையை நான் எங்கட ஒருத்தரிலயும் கண்டதில்லை. எங்கட பாணன்ர கதையேதான் அது.

அப்பவே நிப்பாட்டியிருக்கலாம். ஹியூ என்ர தோளில தட்டி எழுப்பிவிட, எழும்பி நிண்டு அந்தக் கட்டுமரப் பொய்யை முழுசாச் சொன்னன். கை தட்டிச்சினம், மரியாதைக்கு. தங்கட கதைதான் வேற உடுப்புப் போட்டு வந்திருக்கெண்டு எல்லாருக்கும் விளங்கியிருக்கும்.

மோலி கேட்டா: "கையை வெட்டினவன் பிறகு எப்பிடி ஹார்ப் வாசிச்சவன்?"

நான், "மற்றக் கையால" எண்டன்.

அவ ரண்டு கையையும் தந்தியில வைச்சா. "ரண்டும் வேணும், தம்பி" எண்டு மெதுவாச் சொன்னா. ஹியூ தண்ணியைப் பாத்துக்கொண்டு நிண்டான்.

அவ முதல் வள்ளத்தில திரும்பிப் போயிட்டா. அடுத்த வள்ளத்தில நான் ஹியூவிட்ட உண்மைக் கதையைச் சொன்னன். பாணனை, கண்ணை, பாட்டை, மணலை. கரையில வள்ளத்துக்குக் கயிறு கட்டேக்க அவன் சொன்னான். "உதைக் கேக்கத்தானேயடா அவ அவ்வளவு தூரம் வந்தவ."

நீ போய்ச் சொல்லிவிடு எண்டு கெஞ்சினன். ஏலாது எண்டிட்டான். இப்பவும் பக்கத்துச் சிங்கிலதான் நிக்கிறான், சோப் கேட்டாத் தாறான். அல்ஸ்ரர்க் கதை ஒண்டும் இப்ப சொல்லுறதில்லை.

வேற ஆக்களின்ர பிக்னிக்குக்குப் போறவை சாப்பாடு கொண்டு போகத் தேவையில்லை, அவை நல்லாத் தருவினம். கதை கேட்டா உங்கடயைச் சொல்லுங்கோ. தீவில கடைசி வள்ளத்தை எப்ப எடுப்பினம் எண்டு போகேக்கயே விசாரிச்சு வையுங்கோ. ஹமில்டனுக்குப் போறதெண்டா பே ஸ்ரீற் பஸ் ஸ்ராண்டில ஏறலாம், ஞாயிறிலயும் ஓடுது. கடிதம் போட்டா வேற ஆரும்தான் மோலிக்கு வாசிச்சுக் காட்டவேணும், அதால நேர போறதுதான் சரி. ரண்டு கிழமையா அந்த ஸ்ராண்டுக்குப் போய் நேரம் பாத்துக்கொண்டு திரும்பி வாறன். இன்னும் ஏறேல்லை.