லாச்சப்பலில் என் இலக்கத்தில் படுத்த மச்சான்

இது ஊர் பார்க்கப் போன பயணமல்ல. சென்ற மாசி மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது பத்துக்கு மனைவியின் தம்பி ரவி தொலைபேசியில் கூப்பிட்டான். பாரிஸில் எங்கள் தமிழ்க் கடைகள் நிறைந்த லாச்சப்பலில், ரூ பிலிப்-து-ஜிரார் தெருவில் ஓர் உணவகக் குசினியில் வேலைக்கு நின்றான். வன்னியிலிருந்து வந்து இரண்டு மாதம். கையில் ஒரு பப்பியேயும், அதாவது வதிவிடப் பத்திரமும், இல்லை.

"அத்தான், நெஞ்சை இறுக்குது. ஆம்புலன்ஸ் வேண்டாம், பில் வந்தால் நான் எங்கை போறது?"

நான் இருக்கும் புறநகரான பியர்ஃபித்தில் ரயில் ஏறினேன். டிக்கெட் இரண்டரை யூரோ, கார் து நோர் நிலையம்வரை பன்னிரண்டு நிமிடம், பிறகு பத்து நிமிட நடை. இடையில் மூன்று தடவை அழைத்தும் அவன் எடுக்கவில்லை. போய்ப் பார்த்தால் சுவரில் சாய்ந்து வியர்த்துக் கொட்டிக்கொண்டிருந்தான். டாக்சியில் ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனேன்.

எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. (இதையும் நான் சொல்ல மகள் தட்டச்சு செய்கிறாள்.) ஆனால் என் மருத்துவக் காப்புறுதி அட்டையின் பதினைந்து இலக்கமும் மனப்பாடம். அட்டை இல்லாதவனைத் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்தில், அவசரப் பிரிவில் என் பெயரையும் இலக்கத்தையும் அவனுடையதாக ஒப்புவித்தேன். எனக்கு அறுபத்தெட்டு, அவனுக்கு அறுபத்திரண்டு. தாடி இருவருக்கும் நரைத்ததுதான்.

"என்ன கேட்டாலும் ஓம் எண்டு சொல்லு" என்று காதில் சொன்னேன்.

பாண்டிச்சேரித் தாதி ஒருத்தி வந்தாள். "அய்யா, ரத்தம் உறையாம இருக்க தினமும் மாத்திரை போடுறீங்கன்னு உங்க தோசியேல, பழைய வைத்தியக் குறிப்புல, இருக்கே. இன்னிக்கும் போட்டீங்களா?"

"ஓம்" என்றான் ரவி.

அது நான் போடும் மாத்திரை. அவள் டாக்டரிடம் சொல்லத் திரும்பினாள். அவன் போடாத மாத்திரையை நம்பி அவனுக்குப் பிழையான வைத்தியம் செய்துவிட்டால்?

"பிள்ளை, நில்லுங்கோ. மாத்திரையும் என்ரை, இலக்கமும் என்ரை. அவன் ஒண்டும் போடுறேல்லை."

"கார்டு இல்லன்னா பாக்க மாட்டோம்னு உங்களுக்கு யார் சொன்னது? வேற ஆளு தோசியேவ வச்சு வைத்தியமா? அவர் பேரு என்ன?"

ரவி என்னைப் பார்த்தான்.

"உன்ரை பேரைச் சொல்லடா!"

போலீஸ் வருமென்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். வந்தது ஆஸ்பத்திரியின் சமூக உதவியாளர். பிரான்ஸுக்கு வந்து மூன்று மாதம் ஆகாதவருக்கும் உயிராபத்து என்றால் வைத்தியச் செலவை அரசு ஏற்கும், மூன்று மாதம் தாண்டியதும் அரசு மருத்துவ உதவிக்கு விண்ணப்பிக்கலாம் என்றார். பாஸ்போர்ட், இருப்பிடச் சான்று கேட்டார்.

நெஞ்சு இறுக்கினால் ரயிலுக்கும் டாக்சிக்கும் காத்திராதீர்கள். 15 என்ற அவசர மருத்துவ எண்ணை அழையுங்கள். அட்டை இல்லையென்றால் இல்லையென்றே சொல்லுங்கள். போடும் மாத்திரைகளின் பெயரைப் பையில் வைத்திருங்கள்.

ரவி வைத்தியம் முடிந்து ஐந்தாம் நாள் வீட்டுக்கு வந்தான். ஆஸ்பத்திரியிலிருந்து புறப்படும்போது அந்தத் தாதி, "நீங்க மட்டும் அன்னிக்குச் சொல்லாம இருந்திருந்தா..." என்று தொடங்கினாள். மிச்சத்தைக் கேட்க நான் நிற்கவில்லை.