மண்சரிவு என்று குறித்த பனியாறுகள்

சுகந்தினி ஐஸைத் தொட்டுப் பார்த்ததெல்லாம் எஹலியகொட டவுன் கூல்பார்களில்தான். ஆனால் போன வருடம் இமயமலையின் நாற்பத்திமூன்று பனியாறுகளுக்கு எல்லை போட்டவள் அவள். இரத்தினபுரியில் ஒரு சின்ன ஆய்வு அலுவலகம். வானத்திலிருந்து செய்மதி எடுத்த படங்களைக் கணினியில் விரித்து, பனி இறுகி ஐஸாகி மலையிலிருந்து மெதுவாக இறங்கிவரும் அந்த ஆறுகளைச் சுற்றிக் கோடு வரைவதுதான் வேலை. ஐஸ் கூடுகிறதா குறைகிறதா என்று அந்தக் கோட்டை வைத்துத்தான் கணிப்பார்கள். ஆறு மாதம் தற்காலிகம். பிறகு ஓர் ஆளை மட்டும் நிரந்தரமாக்குவார்கள். வரைகிறவர்களோ மூன்று பேர்.

அவள் வீடு ஒரு மலைத் தோட்டத்தில். அங்கே அப்பா ராமச்சந்திரன் இறப்பர் மரத்தில் பால் வெட்டுகிறார். அம்மா மூக்காயி தேயிலைக் கொழுந்து எடுக்கிறாள். மகளின் உத்தியோகம் அம்மாவுக்கு இன்றுவரை பிடிபடவில்லை.

"எங்கயோ கெடக்குற ஐஸுக்குக் கோடு போட விடியக்காலையில பஸ் புடிச்சி ஓடுற. நம்ம மலைக்கு யாரு கோடு போடுறா?"

"அதுக்கும் கொழும்புல ஆள் இருக்காங்கம்மா."

இருக்கத்தான் செய்கிறார்கள். மழை இரண்டு நாள் விடாமல் கொட்டினால் மண்சரிவு எச்சரிக்கை வரும். லயத்தின் வரிசை வீடுகளில் இருக்கும் சனம் பாயும் சட்டியுமாகப் பள்ளிக்கூட மண்டபத்துக்கு ஏறும். மலைக்குக் கீழே பழுப்பாக ஒரு நாக்கு நீண்டு கிடந்தால் அது என்னவென்று அங்கே சின்னப் பிள்ளையும் சொல்லும். எந்த மலை எந்தத் தேதியில் சரிந்தது என்பதும் எல்லாருக்கும் மனப்பாடம்.

அந்தப் பழக்கம்தான் அவளைக் கவிழ்த்தது. படத்தில் வெள்ளை முடிகிற இடத்துக்குக் கீழே கல்லும் மண்ணுமாகப் பழுப்பு நீண்டு கிடந்த இடங்களிலெல்லாம், துளி சந்தேகமில்லாமல், "மண்சரிவு" என்று குறித்து எல்லைக்கு வெளியே தள்ளிவிட்டாள். ஒன்றிரண்டல்ல, பதினேழு பனியாறுகளில். மேற்பார்க்கும் மஷூர் சாரும் மாதிரிக்குச் சிலதை எடுத்துப் பார்த்து, சரி என்று கையொப்பம் வைத்துவிட்டார்.

முடிவு சொல்லும் நாளுக்கு ஒன்பது நாள் இருந்தது. அன்று மத்தியானம் கைவசம் வேலை குறைவாக இருக்க, குறிப்பில் தேதியையும் எழுதிவிடலாமே என்று தோன்றியது. எப்போது சரிந்தது என்று எழுதாத மண்சரிவு அவளுக்கு அரைகுறையாகப் பட்டது. பழைய படங்களை வருடம் வருடமாகப் பின்னோக்கித் திறந்தாள். சரிவதற்கு முந்திய படம் ஒன்று வரவேண்டும். வரவே இல்லை. எட்டு வருடத்துக்கு முன்னும் பழுப்பு அப்படியே கிடந்தது. ஆனால் அதன் நடுவே இருந்த ஒரு வளைந்த கறுப்புக் கோடு மட்டும் ஒவ்வொரு வருடமும் நாலு புள்ளி கீழே தள்ளியிருந்தது. படத்தில் ஒரு புள்ளி என்றால் நிலத்தில் பத்து மீற்றர். எட்டு வருடமும் அதே கணக்கில் ஊர்கிற மண்சரிவை அவள் கண்டதுமில்லை, கேட்டதுமில்லை. கல்லுக்கு அடியில் ஐஸ் இருந்தது. கல் போர்த்திய பனியாறு பற்றிப் பாடத்தில் படித்திருந்தாள். படித்தது படமாக எதிரே வந்தபோது ஊர்தான் கண்ணில் நின்றிருக்கிறது.

வீட்டில் சொன்னாள். அம்மா தேயிலைச் சாயக் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு யோசித்தாள்.

"அந்த சாருக்குத் தெரியுமா?"

"தெரியாது."

"அப்ப வேல நெரந்தரமாகட்டும். பொறகு மெதுவா சொல்லேன்."

"அதுக்குள்ள கணக்கு வெளிய போயிரும்மா. இருக்குற ஐஸ இல்லன்னு சொல்லியிருக்கேன். அந்தத் தண்ணிய நம்பி கீழ சனம் இருக்கு."

"நம்மள மாதிரியா?"

"நம்மள மாதிரிதான்."



மறுநாள் மஷூர் சாரின் மேசையில் மடிக்கணினியை வைத்து, எட்டு வருடப் படங்களையும் ஒன்றன்பின் ஒன்றாக ஓட்டிக் காட்டினாள். அவர் மூன்று தடவை ஓட்டிப் பார்த்தார்.

"நானும்தானே சைன் வச்சன்" என்றார் கடைசியில். "பதினேழையும் திரும்ப வரைய ஏலுமா? நாள் இல்ல."

"ஏலும் சார்."

ஏழு நாளில் வரைந்து முடித்தாள். ஒரு பனியாறு முன்பு போட்ட எல்லையைவிட நான்கு கிலோமீற்றர் நீளமாக இருந்தது. மற்ற இருவரின் படங்களையும் சார் திரும்ப எடுத்துப் பார்த்தார். அவர்களும் தோட்டத்துப் பிள்ளைகள்தான். அவர்களும் ஒவ்வொரு பழுப்பையும் மண்சரிவாக்கித்தான் வைத்திருந்தார்கள்.

முடிவு சொல்லும் நாளில் சார் அவளை மட்டும் கூப்பிட்டார். நிரந்தரக் கடிதம் அவளுக்கு. கூடவே, புதிதாக வருகிறவர்களுக்குக் காட்டும் பாடப்படங்களில் முதலாவதாக அவள் பிழையாக வரைந்த படத்தை வைக்கப் போவதாகச் சொன்னார்.

"பேர எடுத்துட்டுப் போடுறன். நீங்க வெட்கப்படத் தேவல்ல."

சுகந்தினி கடிதத்தை மடித்துக் கைப்பையில் வைத்தாள். அழுகை வந்துவிடும் போலிருந்தது, சிரித்துவிட்டாள்.

"பேரு இருக்கட்டும் சார். ஊரையும் போடுங்க. அடுத்த வருஷமும் எங்க பக்கத்துப் பிள்ளைங்க வருவாங்க. அவங்களும் இதத்தான் வரைவாங்க."