அகர வரிசையில் பதினோரு பேர்

போன வியாழக்கிழமை என் கடைக்கு ஒரு கட்சியின் ஒன்றியத் தலைவர் வந்தார். நான் உட்காரச் சொல்லும்வரை நின்றுகொண்டே இருந்தார்.

அவிநாசி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் டி.டி.பி. சென்டர் வைத்திருப்பவன் முன்னால், முன்னும் பின்னும் கார் வர நடமாடும் மனிதர் ஏன் நிற்க வேண்டும்?

காரணம் தெரியும். அதுதான் பயமே.

என்னை வாராவாரம் படிப்பவர்களுக்கு என் தொழில் தெரியும். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து ஃப்ளெக்ஸ், கண்ணீர் அஞ்சலி… கட்சி நோட்டீஸும் உண்டு. எந்தக் கட்சி என்று சொல்லமாட்டேன். நீங்கள் எதை நினைத்துக்கொண்டு படித்தாலும் ஏறக்குறையப் பொருந்தும். ஆட்களின் பெயர்களையும் மாற்றிவிட்டேன் — முதல் எழுத்தை மட்டும் தொடவில்லை. ஏன் என்பது கொஞ்ச நேரத்தில் புரியும்.

எங்கள் பக்கம் அந்தக் கட்சியின் அமைப்பு இப்படி. கீழே கிளைகள். அவற்றுக்கு மேலே ஒன்றியத் தலைவர்கள், பதினோரு பேர். அவர்களுக்கு மேலே மாவட்டத் தலைவர். அவருக்கு மேலே சென்னையில் மாநிலத் தலைவர். அவருக்கும் மேலே டெல்லி. யாரிடம் எதைக் கேட்டாலும் ஒரே பதில்தான் — "மேல கேட்டுச் சொல்றேன்."

சில மாதங்களுக்கு முன்பு மாநிலத் தலைவர் மாறினார். புதியவர் வந்ததும், கட்சி வசதிக்காக மாவட்டத்தை இரண்டாகப் பிரிக்கப்போவதாகச் சொன்னார். புதிய பாதிக்கு ஒரு தலைவர் வேண்டும். பதினோரு பேரில் ஒருவர்.

எல்லோரும் சொன்ன பெயர் வேலுச்சாமி. இருபது வருஷத்துக்கு மேலாக ஒன்றியத் தலைவர். ஒரு நாள் கடைக்கு வந்து, யாராவது கேட்கிறார்களா என்று சுற்றிலும் பார்த்துவிட்டு, "மாவட்டத் தலைவர்னு ஒரு லெட்டர்பேடு டிசைன் பண்ணி வை கண்ணு. அடிக்க வேண்டாம். சும்மா பாத்துக்கறேன்" என்றார். திரையில் தன் பெயருக்குக் கீழே அந்த இரண்டு வார்த்தைகளைப் பார்த்தபோது அவர் முகத்தை நீங்கள் பார்த்திருக்க வேண்டும்.

அப்போதுதான் மாநிலத் தலைவர் முதல்முறையாக வருகிறார் என்று செய்தி வந்தது. ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் செயல்வீரர்கள் கூட்டம். கட்சி அலுவலகத்தைப் பார்த்துக்கொள்ளும் மணி அண்ணன், நோட்டீஸுக்காகப் பதினோரு பெயர்களையும் வாட்ஸ்அப்பில் அனுப்பினார்.

"வரிசை எப்படிங்ணா போடறது?"

"மேல கேட்டுச் சொல்றேன் தம்பி."

சாயங்காலம் வரை சொல்லவில்லை. மூன்று முறை கூப்பிட்டேன். மண்டபத்தில் மைக் செட்டுக்காரரோடு சண்டையில் இருந்தார். பிரஸ்காரர் மெஷினை எனக்காக நிறுத்தி வைத்திருந்தார். நான் என்ன செய்தேன் தெரியுமா?

அகர வரிசையில் போட்டேன்.

அசோக் முதலில். கட்சிக்கு வந்தே இரண்டு வருஷம்தான் ஆகிறது. வேலுச்சாமி கடைசியில்.

எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போனவன் நான். அப்பா நூலுக்குக் கஞ்சி போடும் சைசிங் மில்லில் வேலை பார்த்தவர், கையெழுத்துகூட வராது. ப்ளஸ் டூ முடித்ததும் என்னைத் தன் வண்டியில் உட்காரவைத்துக் கோயமுத்தூர் காலேஜுக்கு அழைத்துப்போனவர் யார்? இதே வேலுச்சாமி அண்ணன்தான். அன்று கவுன்ட்டரில் சேர வந்தவர்களை அகர வரிசைப்படி கூப்பிட்டார்கள். "பாத்தியா கண்ணு… இங்க யாரு ஊட்டுப் பையன்னு கேக்கறதில்ல. எழுத்துதான் கணக்கு" என்றார். அதைவிட நியாயமான வரிசை உலகத்தில் கிடையாது என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.

ப்ரூஃபை மண்டபத்துக்கே எடுத்துப்போய்க் காட்டினேன். மணி அண்ணன் அதை ரொம்ப நேரம் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"ஓ… அப்படிங்களா. சரி, அடிச்சிருங்க."

அதுவரை என்னிடம் 'அடிச்சிரு தம்பி' என்றுதான் சொல்வார். திடீர் மரியாதை எதற்கு என்று நான் அப்போதே யோசித்திருக்க வேண்டும். சென்னையிலிருந்து எனக்கே நேராகச் சொல்லிவிட்டார்கள் என்று நினைத்துக்கொண்டாராம்.

மறுநாள் நோட்டீஸ் ஊருக்குள் போனது. டீக்கடையில் என் முதுகுக்குப் பின்னால் பேச்சு.

"வேலுச்சாமியண்ணனை ஓரங்கட்டிப்போட்டாங்க பாருங்க."

"அப்பறம்? கடைசியில கொண்டுபோய்ப் போட்டா என்ன அர்த்தம்?"

"அசோக்குக்கு டெல்லியில ஆளு இருக்குதாமா. எனக்கு அப்பவே தெரியுமுங்க."

"உங்களுக்கு எதுதான் தெரியாது. நேத்து வரைக்கும் அசோக் யாருன்னு கேட்டீங்க."

டீயைப் பாதியில் வைத்துவிட்டு மணி அண்ணனிடம் ஓடினேன். வரிசை என் வேலை, வேறு நோட்டீஸ் அடித்துவிடலாம் என்று கெஞ்சினேன்.

"இப்ப மாத்துனா, மாத்துனதுக்கு வேற அர்த்தம் சொல்லுவாங்க" என்றார். "சும்மா இருங்க தம்பி. நீங்களும் என்ன பண்ணுவீங்க… சொன்னதைத்தானே செய்யோணும்."

யார் சொன்னதை? அவர் கேட்கவில்லை. நான் சொன்னாலும் காதில் ஏறவில்லை.

சனிக்கிழமை அசோக் வீட்டு வாசலில் வண்டி நிறுத்த இடம் இல்லை. வேலுச்சாமி அண்ணன் வீட்டு வாசலில் அவருடைய வண்டி மட்டும் நின்றது.

கூட்டத்தன்று மேடையில் நாற்காலிகளை நோட்டீஸ் வரிசைப்படியே போட்டிருந்தார்கள். வேலுச்சாமி அண்ணனுக்குக் கடைசி நாற்காலி, படிக்கட்டுப் பக்கம். ஏறுகிறவர்களும் இறங்குகிறவர்களும் அவர் முழங்காலை இடித்துக்கொண்டே போனார்கள். ஒவ்வொரு தடவையும் அவர் காலை ஒதுக்கிக்கொண்டு சிரித்தார்.

மாநிலத் தலைவர் ஊருக்குப் புதியவர். யார் முகமும் தெரியாது. கையில் என் நோட்டீஸ். அதைப் பார்த்தே ஒவ்வொரு பெயராகச் சொன்னார். அசோக் என்றதும் விசில், கைதட்டல் — முந்தின நாள் அவர் வாசலில் நின்றவர்கள் எல்லாம் இங்கேதானே இருக்கிறார்கள்? மாநிலத் தலைவர் நிமிர்ந்து கூட்டத்தைப் பார்த்தார். பக்கத்திலிருந்தவரிடம் ஏதோ சொன்னார். அவர் குறித்துக்கொண்டார்.

வேலுச்சாமி என்ற பெயர் வந்தபோது பாதிப் பேர் சாப்பாட்டுப் பந்திக்கு எழுந்துவிட்டார்கள்.

கீழே இருப்பவர்கள், மேலிடத்துக்கு யாரைப் பிடித்திருக்கிறது என்று பார்க்கிறார்கள். மேலே இருப்பவரோ, கீழே யாருக்குக் கூட்டம் என்று பார்க்கிறார். இரண்டு பேருக்கும் நடுவில் அன்று இருந்தது என் கம்ப்யூட்டர் மட்டும்தான்.

மூன்று வாரம் கழித்து அறிவிப்பு வந்தது. புதிய மாவட்டத்துக்குத் தலைவர் அசோக்.

இரண்டு நாள் தள்ளிப்போட்டேன். மூன்றாம் நாள் வேலுச்சாமி அண்ணன் வீட்டுக்குப் போனேன். டி.வி.யைச் சத்தம் இல்லாமல் வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார்.

"வா கண்ணு. காப்பி குடிக்கறயா?"

"அண்ணா… அந்த வரிசையை நான்தான் போட்டேன். மேல யாரும் சொல்லலீங்ணா. அகர வரிசை."

என்னையே பார்த்தார். பிறகு மெல்லச் சிரித்தார்.

"எனக்குத் தேறுதல் சொல்றதுக்காகப் பழியை நீ ஏத்துக்க வேண்டாம்."

"நெசமாத்தானுங்ணா. அன்னைக்குக் காலேஜுல கூப்பிட்டாங்களே, அதே மாதிரி…"

"காலேஜும் கட்சியும் ஒண்ணா? மேல சொல்லாம ஒரு பேரு நகருமா? இத்தனை வருசமா நான் பாக்காததா?"

நான் சத்தியம் செய்தேன். அழுதேவிட்டேன் என்றுகூடச் சொல்லலாம். அவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

குரலைத் தாழ்த்தி, "அது கெடக்குது உடு" என்றார். "மேல உனக்கு யாரு கண்ணு பழக்கம்? என்னையப் பத்தி ஒரு வார்த்தை சொல்லிப் பாக்கறயா?"

அந்தக் காப்பியை நான் எப்படிக் குடித்து முடித்தேன் என்று தெரியவில்லை.

அந்த லெட்டர்பேடு இன்னும் என் கம்ப்யூட்டரில் இருக்கிறது. அழிக்கக் கை வரவில்லை.

சரி, வியாழக்கிழமை வந்து நின்றவருக்கு வருகிறேன். பதினோரு பேரில் அவரும் ஒருவர். தாராபுரம் போகிற ரோட்டில் ஊர். ஒரு வழியாக உட்கார்ந்தார்.

"அடுத்த நோட்டீஸ்ல நம்ம பேரைக் கொஞ்சம் பாத்துக்குங்க தம்பி."

"அண்ணா, நான் அகர வரிசையிலதானுங்க போட்டேன். வேற ஒண்ணுமே இல்லீங்க."

"புரியுதுங்க, புரியுதுங்க" என்று கண்ணைச் சிமிட்டினார். "வெளிய அப்படியே சொல்லிக்கலாம்."

அவர் போன பிறகு மணி அண்ணனிடமிருந்து புதிய கூட்டத்துக்குப் பெயர்கள் வந்தன. இந்த முறை புத்தியாக, வரிசையைக் கேட்டு உடனே மெசேஜ் போட்டேன்.

பதிலும் உடனே வந்தது — "நீங்களே மேல கேட்டுச் சொல்லுங்க தம்பி."