பேர் சொன்னால் பதில் கேள்: எம்.சி. நங்கூரத்தின் சட்டம்

செவ்வாய்க்கிழமை காலை பத்து மணியளவில் லிங்கநகரில் எங்கள் ஒழுங்கைக்குள் அறிவித்தல் ஓட்டோ வந்தது. கூரையில் இரண்டு கூம்பு ஒலிபெருக்கி கட்டிய அந்த ஓட்டோதான் எங்கள் ஊரின் மரணச் செய்தி, கோயில் திருவிழா, உதைபந்தாட்டப் போட்டி எல்லாவற்றையும் வீதி வீதியாகக் கொண்டுபோவது. யார் போனது என்று கேட்கப் படலைக்கு வந்தேன். ஓட்டோ கிளமென்ற்றுடையது. குரல் அவனுடையதல்ல, சவரிமுத்து அண்ணையின் கரகரத்த குரல். அந்தக் குரல் சொன்ன பெயர்தான் கிளமென்ற்.

முதல் நாள் பின்னேரம் நெஞ்சுவலி என்று வைத்தியசாலைக்குப் போனவன் திரும்பவில்லை. வயது நாற்பத்தொன்று. அவனுடைய சாவைச் சவரிமுத்து அண்ணை ஏன் சொன்னார் என்பது சனிக்கிழமை வளையத்துக்கு வருகிறவர்களுக்குத் தெரியும். மற்றவர்களுக்காக எழுதுகிறேன்.

கிழமை நாட்களில் அறிவிப்பாளனாக இருந்தவன் சனிக்கிழமை பின்னேரங்களில் எம்.சி. நங்கூரம் என்ற ராப் பாடகன் ஆகிவிடுவான். உள்துறைமுகத்தைப் பார்த்த வெட்டவெளியில் ஓட்டோவை நிறுத்துவான். அதைச் சுற்றி வளையம் கூடும். ஹிப்ஹாப்புக்கு என்னென்ன வேண்டுமோ எல்லாம் அங்கே இருந்தது, எங்கள் ஊர்க் கணக்கில். குளிர்சாதனப் பெட்டி வந்த மட்டையைப் பிரித்து விரித்தால் நடன மேடை. உப்புக்காற்று தின்ற மதில் முழுக்க வண்ண எழுத்து. கூம்பு ஒலிபெருக்கியில் ‘டிக்’ வரும், ‘டும்’ வராது. ஆகவே ‘டும்’ கவிழ்த்த மீன்பெட்டியில் இருந்து வந்தது. கிண்ணியாவிலிருந்து பஸ்ஸில் வரும் சப்ரினா, பாடசாலையில் கணிதம் கற்பிக்கிறவர், வாயாலேயே தாளம் போடுவார். சீனன்குடாவில் வேலை முடித்தவர்கள் சாப்பாட்டுப் பையோடு நின்று தலையாட்டுவார்கள். உலகத்தில் எந்த மேடைக்கும் நாங்கள் குறைந்தவர்கள் இல்லை என்று கிளமென்ற் நம்பினான். நாளடைவில் நானும் நம்பினேன்.

தொடக்கத்தில் நம்பவில்லை. முதல் முறை அதைப் பற்றிச் செய்தி எழுதியபோது ‘இளைஞர்களின் கூச்சல்’ என்று எழுதினேன். அடுத்த சனிக்கிழமை என்னை வரச்சொல்லி, என் பெயர், என் மூக்குக்கண்ணாடி, என் பழைய சைக்கிள் ஒன்றும் விடாமல் பதினாறு அடிப் பாட்டில் கிழித்தான். சனம் விழுந்து விழுந்து சிரித்தது. பிறகு மைக்கை என் கையில் தந்தான்.

“எனக்குப் பாட ஏலாது, தம்பி.”

“பாடச் சொல்லேல்லை அண்ணை. பதில் சொல்லுங்கோ. பேர் சொன்னால் பதில் கேக்க வேணும். இஞ்ச அதுதான் சட்டம்.”

ஓட்டோவின் பக்கத் தகட்டிலும் அதைத்தான் எழுதியிருந்தான்: பேர் சொன்னால் பதில் கேள். நான் தொண்டையைச் செருமிக்கொண்டு, “கூச்சல் என்று எழுதியது பிழை. வாற கிழமை திருத்தம் வரும்” என்றேன். சப்ரினா அந்த இரண்டு வசனத்துக்கும் தாளம் போட்டுவிட்டு, “அண்ணா, உங்கட முதல் பாட்டே திருத்தமாப் போச்சே!” என்றார். திருத்தம் வந்தது. முப்பது ஆண்டு செய்தித்தொழிலில் நான் மகிழ்ச்சியோடு எழுதிய திருத்தம் அது ஒன்றுதான்.

அவனுடைய சட்டம் அவனையே சோதித்த நாளும் வந்தது. ஒரு காலை, சவரிமுத்து என்பவர் காலமானார் என்று தொலைபேசியில் சொன்னார்கள். முகவரியைக் கேட்காமல் வைத்துவிட்டான். ஊரில் தனக்குத் தெரியாத ஆள் இல்லை என்ற பெருமை அவனுக்கு. அவன் அறிந்த சவரிமுத்து ஒருவர்தான்: துறைமுகத்தில் பாரந்தூக்கி இயக்கி ஓய்வுபெற்ற லிங்கநகர்க்காரர். அந்த முகவரியைத் தானே சேர்த்து நான்கு வீதிக்கு அறிவித்தான். இறந்தவர் சீனன்குடாவில் இருந்த வேறொரு சவரிமுத்து. லிங்கநகர் வீட்டுக்கு மலர்வளையம் வந்து சேர்ந்தபோது, அண்ணை கிணற்றடியில் முகம் மழித்துக்கொண்டிருந்தார்.

கிளமென்ற் மன்னிப்புக் கேட்கப் போனான். படலை திறக்கவில்லை. இரண்டாம் நாளும் திறக்கவில்லை. என் அலுவலகத்துக்கு வந்து கதிரையில் இருந்தான்.

“நான் சொன்னா உண்மை எண்டுதானே அண்ணை சனம் அழுதது? இனி நான் ஆரைச் செத்தது எண்டு சொன்னாலும் போய்ப் பாத்திட்டுத்தான் அழுவினம். மைக்கை விடப் போறன். பாட்டும் வேண்டாம்.”

அந்தச் சனிக்கிழமை மைக்கைச் சப்ரினாவிடம் கொடுக்கத்தான் வந்தான். நடந்ததைச் சொல்லி முடிக்கும் முன் வளையம் விலகியது. வெள்ளைச் சாரமும் சேட்டுமாகச் சவரிமுத்து அண்ணை நடந்து வந்தார்.

“டேய், என்ட பேரைச் சொன்னனியெல்லே? எங்க என்ட பதில்?”

கிளமென்ற் இரண்டு கையாலும் மைக்கை நீட்டினான். சப்ரினா ஒன்றும் கேட்காமல் தாளத்தைத் தொடங்கினார். அண்ணையின் குரல் கப்பலடியில் கத்திக் கத்தி வேலை வாங்கிய குரல். தாளத்தை அதற்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கவில்லை.

“செத்தவன் கதைக்கிறன், காதைத் தீட்டிக் கேளடா!
செபமாலையோட மச்சாள் வந்தாள், வாசலைப் பாரடா!
பத்து வருசம் கதைக்காதவள் படலையில நிண்டு அழுறாள்,
படுத்தவன் எழும்பி வந்தனெண்டு பயத்தில அவள் விழுறாள்!”

மீன்பெட்டி அடித்தவர் சிரிப்பில் அடியைத் தவறவிட்டார். அண்ணை நிறுத்தவில்லை, மூன்று நிமிடம் ஏசினார். முடிவில் மூச்சு வாங்கியபடி, “அவள் இப்ப கதைக்கிறாள். ஞாயிறு சாப்பிட வாறாள். அந்தத் துன்பமும் உன்னாலதான்” என்றார். கிளமென்ற் அவர் கையைப் பிடித்து உயர்த்தி, “தோத்திட்டன்!” என்று கத்தினான். தோற்றதற்கு அவ்வளவு பெருமைப்பட்ட மனிதனை நான் கண்டதில்லை. அண்ணை மைக்கை அவன் நெஞ்சில் குத்தித் திருப்பிக் கொடுத்தார். “விசரா, விட்டிட்டுப் போகாத. இனி விலாசம் கேட்டுச் சொல்லு.”

அதற்குப் பிறகு கிளமென்ற் முகவரியை மூன்று தரம் கேட்காமல் ஓட்டோவை எடுத்ததில்லை.

இனிச் செவ்வாய்க்கிழமைக்கு வருகிறேன். வளையத்தினர் அவனைப் பாட்டிலேயே அறிவிக்க விரும்பினார்கள். சவரிமுத்து அண்ணை மறுத்தாராம். “என்ட சாவை அவன் பிழையாச் சொன்னவன். அவன்ட சாவை நான் சரியாச் சொல்லோணும்.” அவனுடைய மனைவி ஜெனிற்றாவிடம் முகவரியை மூன்று தரம் கேட்டாராம், அந்த வீட்டுக்கு அவர் பல நூறு தரம் போனவர்.

எங்கள் ஒழுங்கையில் பக்கத்து வீட்டுப் பெண் ஓடிவந்து, “எந்தக் கிளமென்ற், அண்ணை?” என்று கேட்டார். அண்ணை ஓட்டோவை நிறுத்தச் சொன்னார். மைக்கை வாயிலிருந்து எடுக்கவில்லை. நான்கு வீதிக்குக் கேட்டிருக்கும்.

“பாலையூற்றுக் கிளமென்ற், பிள்ளை. ஜெனிற்றாவின்ட மனுசன். எம்.சி. நங்கூரம். வேற ஆளில்லை. நான் போய்ப் பாத்திட்டுத்தான் வாறன்.”

என் மேசையில் அவன் சட்டத்தை ஒரு துண்டில் எழுதி ஒட்டியிருக்கிறேன். என்னிடம் மிஞ்சியது அதுதான். இந்தக் கட்டுரையிலும் அவன் பெயரைப் பலமுறை சொல்லிவிட்டேன். சனிக்கிழமை இதை வளையத்தில் வாசிப்பேன். வாசித்து முடித்ததும் மைக்கை நடுவில் வைக்கச் சொல்லியிருக்கிறார் சப்ரினா. அவன் பதிலுக்கென்று பதினாறு அடிக்குத் தாளம் போகும். நாங்கள் கேட்டுக்கொண்டு நிற்போம்.