தேசிக்காய் மேல் ஏறிய சறுக்குச் சப்பாத்து

எதையும் மிகைப்படுத்தாமல் சொல்கிறேன். பாரிசுக்கு வந்த அன்று என்னிடம் ஒரு பையும், வேறொருவருடைய குளிர்ச்சட்டையும் இருந்தன. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடமும் நானும் ஒருவரையொருவர் கைவிட்டிருந்தோம். ஓர் உணவகத்தின் நிலவறையில் கோப்பை கழுவினேன். பிறகு மேலே ஏறிச் சமைத்தேன். பிரெஞ்சுக்காரர் தங்களுடைய வெங்காயச் சூப்பை என் கையால் வாங்கிக் குடித்துவிட்டு, சமையல்காரர் எந்த மாகாணம் என்று கேட்டு அனுப்பினார்கள். வடமாகாணம் என்று சொல்லி அனுப்பினேன். ரூ பிலிப்-து-ஜிராரில் மரக்கறிக் கடை திறந்தேன். அந்தத் தெருவில் முருங்கைக்காயை வாளியில் நிமிர்த்தி வைத்து விற்ற முதல் ஆள் நான்தான்; அதுவரை எல்லாரும் படுக்கவைத்து முறித்துக்கொண்டிருந்தார்கள். ரூ லூயி-பிளாங்கில் இரண்டாவது கடை. பொபினியில் வீடு. திருவிழா அன்னதானக் கிடாரத்தை நடைபாதையில் வைக்கக்கூடாது என்று வந்து நின்ற அதிகாரிக்கு முதல் தட்டைக் கொடுத்து, அவரையே கரண்டி பிடிக்க வைத்தவனும் நான்தான். பாரிசில் நம்மவர் கடைத்தெருவான லாச்சப்பலில் நவம் அண்ணை என்று கேட்டால் கடைக்கு வழி காட்டுவார்கள்.

இத்தனையையும் ஓடி ஓடிச் செய்தேன். ஒன்று மட்டும் வரவில்லை. நிற்பது.

ஊரில் இருக்கிறவர்களுக்கு முதலில் இதை விளக்கவேண்டும். நமக்கு ஐஸ் என்பது மீன் பெட்டிக்குள் கிடக்கிற சாமான். இங்கே அதை மண்டபம் நிறைய நிலமாக விரித்து, காலில் கத்தி கட்டிக்கொண்டு அதன்மேல் ஓடுகிறார்கள். அதிலே ஒரு விளையாட்டு, ஹொக்கி. என் ஒரே மகள் மதி அதை ஆடுகிற ஒரு பெண்கள் அணிக்குத் தலைவி. பகலில் மருந்துக்கடையில் வேலை. மாலையில் தலைக்கவசம், கையில் தடி. நான் அவளைச் சிறுவயதில் பரதநாட்டியத்துக்குத்தான் கூட்டிக்கொண்டு போனேன். வகுப்புக்கு எதிர்க்கட்டடம் பனித்தளமாக இருந்தால் நான் என்ன செய்யமுடியும்?

வருடத்தில் ஒருநாள் அவர்களுடைய கழகத்தில் குடும்ப நாள். பெற்றோரும் சப்பாத்துக் கட்டிப் பிள்ளைகளோடு சறுக்கலாம். போன வருடத்துக்கு முந்திய வருடம் நானும் வாடகைச் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு இறங்கினேன். மற்றத் தகப்பன்மார் வேலியைப் பிடித்துக்கொண்டு நண்டு மாதிரி நகர்ந்தார்கள். நான் வேலியை ஓர் உதை உதைத்துவிட்டுப் புறப்பட்டேன். புறப்படுவதில் எங்கள் ஆட்களுக்கு என்றைக்குமே சிக்கல் இருந்ததில்லை. காற்று காதில் அடித்தது. நடுவில் நின்ற மதி கையைக் காட்டி ஏதோ கத்தினாள். பாராட்டுகிறாள் என்று நினைத்து இன்னும் இரண்டு எட்டு வைத்தேன். என் எண்பத்தாறு கிலோவும் அவள்மேல் போய் இறங்கியது. அவளுடைய வலது மணிக்கட்டு முறிந்தது. அந்தப் பருவம் முழுவதும் அவள் ஆட்டத்துக்கு இறங்காமல் ஓர வாங்கில் இருந்து கைதட்டினாள், அதுவும் ஒரு கையால் தொடையில் தட்டி.

அவள் என்னைத் திட்டியிருந்தால் பரவாயில்லை. மருத்துவமனையில் மாக்கட்டுப் போட்டுக்கொண்டிருக்கும்போது, பிரெஞ்சில், மருந்துச் சீட்டு விளக்குகிற குரலில் சொன்னாள்: "பப்பா, உங்களுக்கு நிற்கத் தெரியாது." அவ்வளவுதான். மாக்கட்டு அவிழ்க்கும் முன்பே அடுத்த வருடக் குடும்ப நாளுக்கான படிவத்தை மேசையில் பார்த்தேன். பனியில் இறங்குகிற பெற்றோருக்கு வீராங்கனை கையொப்பம் இடவேண்டும். என் பெயருக்கு எதிரே அவளுடைய இடதுகை எழுத்தில் இருந்தது: கிரேப் மேசை. வெளியே நின்று தோசை மாதிரி ஒன்றைச் சுட்டு விற்கிற வேலை. நான் மாட்டேன் என்று வீட்டில் படுத்துவிட்டேன். அந்த வருடம் கிரேப் மேசையும் இல்லை, நானும் இல்லை.

கதை கடைக்கு வந்து சேர எவ்வளவு நேரம் வேண்டும்? அந்துவான் என்று ஒருவர், புதுச்சேரிக்காரர், அரசாங்க வேலையில் இருந்து ஓய்வு பெற்றவர், ஒவ்வொரு காலையிலும் கறிவேப்பிலையை முகர்ந்துவிட்டு வாங்காமல் போகிறவர். அவர் சொன்னார்: "என்னா முசே நவம், ஐஸ் மேல பொண்ணையே இடிச்சுக்கினீங்களாமே. லைசென்ஸ் இருக்குதா உங்களுக்கு?"

"ஓம், எடுக்கப்போறன்," என்றேன். வாயால் வந்துவிட்டது. வாயால் வந்த பிறகு நான் செய்யாமல் விட்டதில்லை. என் இரண்டாவது கடையும் அப்படி வந்ததுதான்.

சொந்தமாக ஒரு சோடி ஹொக்கிச் சப்பாத்து வாங்கினேன். கடைக்காரன் அடிக்கத்தியின் புது அலகைத் தீட்டிக் கையில் கொடுத்தான். மகளுடைய மணிக்கட்டை உடைத்தவன் இனி பூசை போடாத சப்பாத்தோடு பனியில் இறங்கலாமா? நேரே கோயிலுக்குக் கொண்டுபோனேன். புது வாகனம் எடுத்தால் நாம் என்ன செய்வோம்? அதைத்தான் செய்தேன். ஐயர் தட்டோடு வெளியே வந்து தெருவைப் பார்த்தார்.

"நவம் அண்ணை, வாகனம் எங்கை நிக்குது?"

"காலிலை, ஐயா."

அவர் கொஞ்சம் யோசித்தார். "காருக்கு நாலு தேசிக்காய் வைக்கிறது."

"காலுக்கு ரெண்டு வையுங்கோ. கணக்குச் சரி."

அலகுக்குச் சந்தனம், குங்குமம் வைத்தார். சப்பாத்தைக் கட்டி, நடைபாதையில் வைத்த நாலு தேசிக்காயையும் ஒவ்வொன்றாக மிதித்து நசித்தேன். சாறு தெறித்தது. அப்படியே நிமிர்ந்து கார் நிறுத்தின இடம்வரை சீமெந்தில் நடந்தேன், டக்கு டக்கென்று, தேர் மாதிரி. நாயோடு வந்த ஒரு பிரெஞ்சுக் கிழவி வழி விட்டு ஒதுங்கி வணக்கம் சொன்னாள்.

ஞாயிறு காலைகளில் முதியோருக்கான தொடக்க வகுப்பு. நடத்தியவர் மதாம் ஒதில், முப்பது வருடம் பேருந்து ஓட்டி ஓய்வு பெற்றவர். என் சப்பாத்தின் சிவப்பைக் கண்டதும் முதலுதவிப் பெட்டியோடு ஓடிவந்தார்.

"முசியே, இரத்தம்."

"இல்லை மதாம். கடவுள்."

அவர் பெட்டியைத் திறந்தபடியே வைத்துக்கொண்டு பாடத்தைத் தொடங்கினார்.

நிற்பது இப்படி. ஓடுகிற ஓட்டத்தில் முழங்காலை மடித்து, உடம்பை ஒரு கணம் இலேசாக்கி, இரண்டு காலையும் சட்டென்று குறுக்கே திருப்பவேண்டும். அலகின் விளிம்பு பனியைச் சுரண்டும். வெள்ளைத் தூள் விசிறி மாதிரி எழும்பும். அது அடங்கும்போது நீங்கள் நின்றிருப்பீர்கள். கேட்க நன்றாகத்தான் இருந்தது. நான் திரும்பினேன், மடித்தேன், குறுக்கே வந்தேன், குறுக்கேயே போய்க்கொண்டிருந்தேன். மாதா கோயில் ஊர்வலத்தில் சுருவச் சிலை போவதுபோல, நிமிர்ந்து, ஆடாமல், பக்கவாட்டில், வேலிவரை. ஒவ்வொரு ஞாயிறும் வேலிதான் என்னை நிறுத்தியது. என்னோடு சேர்ந்த ஒரு மூட்டுவலிக்கார வாத்தியார்கூட மூன்றாம் வாரமே நிற்கப் பழகிவிட்டார்.

வீட்டில் மொத்தச் சந்தைக்குப் போவதாகச் சொல்லியிருந்தேன். ஒருநாள் குளித்துவிட்டு வரும்போது மனைவி புஷ்பம் பார்த்துவிட்டாள்.

"இஞ்சாருங்கோ, சந்தைக்குப் போற மனுசனுக்குப் பிட்டம் ஏன் நீலமாக் கிடக்கு? வெண்டிக்காய் அடிக்குதோ?"

சொன்னேன். சிரிப்பாள் என்று பார்த்தால் எண்ணெயை எடுத்துக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தாள். "அவள் ஒப்பம் வைக்கமாட்டாள் எண்டு பயமோ?" என்றாள். "ஓம்," என்று அவளே எனக்காகச் சொல்லிக்கொண்டு தேய்த்தாள்.

இரண்டு மாதம் கழித்து மதாம் ஒதிலுக்குச் சந்தேகம் வந்தது. என்னை வாங்கில் இருத்தி, காலைத் தூக்கித் தன் மடியில் வைத்து, பெருவிரல் நகத்தை அலகின் விளிம்பில் இழுத்தார். நகம் சுரண்டப்படவில்லை. பிறகு உள்ளங்கையால் தடவினார். "இதை எதன் மேல் நடக்கவைத்தீர்கள்?"

"சிட்ரோன்கள், மதாம். நாலு. பிறகு நடைபாதை."

"எதற்கு?"

"விபத்து நடக்காமல் இருக்க."

அவர் என் காலை மெதுவாக இறக்கி வைத்தார். பேருந்தில் எத்தனையோ பேரை ஏற்றி இறக்கிய பொறுமை அது. "முசியே, இந்த விளிம்பால் வெண்ணெயைக்கூட வெட்ட முடியாது. அடுத்தமுறை கடவுளிடம் போகும்போது அலகுக்கு உறை போட்டுக்கொண்டு போங்கள்." ஆக, என்னைக் காப்பாற்றச் செய்த பூசைதான் இரண்டு மாதமாக என்னைக் கவிழ்த்தது. ஐயரிடம் நான் இதைச் சொல்லவில்லை. அவருக்கும் ஒரு பெயர் இருக்கிறது.

மறுபடி தீட்டினார்கள். இப்போது அலகு பனியைக் கவ்விப் பிடித்தது. நான் முகங்குப்புறப் போனேன். "பயப்படுகிறீர்கள்," என்றார் ஒதில். எனக்குப் பயமே கிடையாது என்றேன். "கால்களைப் பார்க்கிறீர்கள். பயப்படுகிறவர்தான் பார்ப்பார். எனக்கு முன்னால் வந்து நில்லுங்கள், என்னைப் பாருங்கள்." அவர் போய்ப் பனியில் கீறியிருந்த நீலக்கோட்டில் கால் அகட்டி நின்றார். அந்த நிற்றலைக் கண்டதும் எனக்கு ஊர் வந்தது.

பத்தொன்பது வயதில் என்னிடம் பிரேக் இல்லாத சைக்கிள் ஒன்று இருந்தது. எங்கள் ஒழுங்கை முடிகிற இடத்தில் இராணுவக் காவலரண். அதற்கு வெகுதூரம் முந்தியே இறங்கி உருட்டிக்கொண்டு போகவேண்டும். ஒருநாள் எதையோ யோசித்துக்கொண்டு இறங்க மறந்துவிட்டேன். சிப்பாய் ஒருவனுடைய துவக்கு நிமிர்ந்தபிறகுதான் கண்டேன். முழங்காலை மடித்து, உடம்பைச் சாய்த்து, பின்சில்லைக் குறுக்கே வெட்டினேன். மணல் விசிறி மாதிரி எழும்பி அந்தச் சிப்பாயின் சப்பாத்தில் கொட்டியது. நான் நின்றிருந்தேன், அவனுக்கு ஒரு முழம் முன்னால். அவன் சப்பாத்தைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், சிரித்தான். பிறகு விரலைச் சுழற்றிக் காட்டினான்: இன்னொருக்கா. திரும்பிப் போய் ஓடிவந்து அடித்தேன். மற்றவர்களையும் கூப்பிட்டான். மூன்றாம் தரமும் அடித்தேன், சிரித்துக்கொண்டு. மூன்றாம் தரம் நன்றாகவே வந்தது. அதை நினைக்க இன்றைக்கும் வெட்கம். வெட்கத்துக்குள்ளே கொஞ்சம் பெருமையும் இருக்கிறது, என்ன செய்ய.

ஒதிலை நோக்கி ஓடினேன். காலைப் பார்க்கவில்லை. அவருடைய முகத்தைப் பார்த்தேன், அன்றைக்கு அந்தச் சிப்பாயின் முகத்தைப் பார்த்தமாதிரி. கர்ர் என்று ஒரு சத்தம். வெள்ளை எழும்பி அவருடைய சப்பாத்தில் விழுந்தது. நின்றிருந்தேன். "இதோ," என்றார் அவர், கையைத் தட்டி. அப்போதுதான் என் முகத்தில் அந்தப் பழைய சிரிப்பு ஒட்டிக்கொண்டிருப்பது தெரிந்தது. எதிரே நின்றது ஒரு பேருந்துச் சாரதி. கையில் விசில் மட்டும்தான். சிரிப்பைத் துடைத்துவிட்டு, இன்னொருதரம் அடித்துக் காட்டவா என்று நானாகக் கேட்டேன். அது வேறு.

இந்த வருடக் குடும்ப நாளில் ஒரு வார்த்தை பேசாமல் கிரேப் மேசைக்குப் போனேன். மேலங்கி கட்டிக்கொண்டு மாவை ஊற்றினேன். சப்பாத்து மேசைக்கு அடியில் இருந்தது. மதி சீனி எடுக்கக் குனிந்தவள் கண்டுவிட்டாள். குங்குமம் குதிப்பக்கத்தில் இன்னும் மங்கலாக இருந்தது.

"பப்பா, என்ன இது?" என்றாள் பிரெஞ்சில்.

"வாகனம்."

குங்குமத்தை விரலால் தொட்டுப் பார்த்தாள். பிறகு பேனையைக் காதிலிருந்து எடுத்து, படிவத்தைக் கிரேப் தட்டின்மேல் வைத்து, ஒப்பமிடாமல் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "முதலில் வாருங்கள். அந்தக் கோடியிலிருந்து. என்னிடம்."

அவள் நடுச் சிவப்புக்கோட்டில் போய் நின்றாள். நான் சப்பாத்தைக் கட்டிக்கொண்டு மறுகோடியில். பெற்றோர், வீராங்கனைகள், சுற்றிவர எல்லாரும். புஷ்பம் கண்ணாடிக்கு வெளியே நெற்றியை ஒட்டிக்கொண்டு நின்றாள். வேலியை உதைத்துப் புறப்பட்டேன். நான் கிட்ட வர வர, மதி வலதுகையை மட்டும் மெல்ல முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனாள். முறிந்த கை. அதை ஒளித்தாள்; ஆனால் காலை எடுக்கவில்லை. ஒதுங்கவில்லை. இவ்வளவுக்குத்தான் நான் ஒரு குளிர்காலம் முழுக்க விழுந்தேன் என்று அப்போதுதான் விளங்கியது. அவளுடைய கண்ணைப் பார்த்துக்கொண்டு வெட்டினேன். தூள் அவளுடைய முழங்கால்வரை எழும்பியது. எனக்கும் அவளுக்கும் நடுவில் ஒரு சாண்.

எதைக் கேட்டாலும் பிரெஞ்சில் பதில் சொல்கிற பிள்ளை, தமிழில் சொன்னாள்: "ஓம் அப்பா. நிண்டிட்டீங்கள்." ஒளித்த கையை எடுத்து என் தோளில் கிடந்த மாவைத் தட்டிவிட்டாள். ஒப்பம் அந்தக் கையால்தான் வைத்தாள்.

இனி விடயத்துக்கு வருகிறேன். அந்தக் கணத்தை யாரோ படம் பிடித்திருக்கிறார்கள். பனித்தளத்தின் வாசலில் பிரேம் போட்டு மாட்டியிருக்கிறது. மதி நடுவில், நிமிர்ந்து, அழகாக. அவளுக்கு முன்னால் வெள்ளைத் தூள் எழும்பி நிற்கிறது. ஓரத்தில் ஒரு முழங்கால், ஒரு சப்பாத்து, குங்குமத்தின் ஒரு துளி. மீதி நான் பிரேமுக்கு வெளியே. கீழே எழுதியிருக்கிறார்கள்: எங்கள் தலைவியின் பிழையற்ற நிறுத்தம். மதியிடம் முறையிட்டேன், விடுங்கள் அப்பா என்கிறாள். அந்துவான் போய்ப் பார்த்துவிட்டு வந்து, "முசே, கால் நல்லா விழுந்திருக்குது," என்கிறார்.

விடமுடியாது. அந்த உணவகத்தில் நான் சமைத்த வெங்காயச் சூப்புக்குப் பலகையில் முதலாளியின் பெயர் இருந்தது, பொறுத்தேன். இது அப்படியில்லை. அவள் அங்கே சும்மா நின்றாள், அவ்வளவுதான். அந்தத் தூள் நான் கிளப்பியது. கழகத்தில் பொறுப்பாக இருப்பவர்கள் யாராவது இதை யாரையாவது கொண்டு மொழிபெயர்த்து வாசியுங்கள். படத்தின் கீழே என் பெயர் வரவேண்டும். கந்தையா நவரத்தினராசா, முழுதாக, ஓர் எழுத்தும் குறையாமல். இடம் போதாவிட்டால் பிரேமைப் பெரிதாக்குங்கள். என் மற்றப் பாதியும் பக்கத்திலேயேதான் நிற்கிறது.