கரப்பான் கையும் ஊர் வாயும்

அந்தத் தெருவில் முடிதிருத்துபவருக்குப் பட்டப்பெயர் 'டாக்டர்'. பொடுகுக்கு ஒன்று, வழுக்கைக்கு ஒன்று, மனைவியின் கோபத்துக்கு ஒன்று என்று, நாற்காலியில் உட்கார்ந்த எவரையும் மருந்து சொல்லாமல் அனுப்பியதில்லை. அந்த டாக்டரின் விரலிடுக்குகளிலேயே கரப்பான் வந்தது. தோல் சிவந்து, வெடித்து, ஓயாமல் அரித்தது.

ஊர் பழி தீர்த்துக்கொண்டது. ஒருவர் எலுமிச்சை என்றார், இன்னொருவர் மண்ணெண்ணெய் என்றார். இரண்டையும் தடவிவிட்டு டாக்டர் கடைக்குள்ளேயே குதித்தார். வங்கி மேனேஜரோ, "இது ஒட்டுவாரொட்டிங்க!" என்று பாதி வெட்டிய தலையோடு எழுந்து எதிர்க் கடைக்குப் போய்விட்டார். அவர் பின்னாலேயே பலரும் நழுவினார்கள். டாக்டருக்கோ கத்தரிக்கோலைத் தவிர வேறு பிழைப்பு தெரியாது.

சுத்தத்தை நிரூபிக்க, எல்லோரும் பார்க்கும்படி ஒவ்வொரு தலைக்கும் முன்னால் கிருமிநாசினி ஊற்றிக் கை கழுவினார். கொள்ளிக்கட்டையால் தலையைச் சொறிந்துகொண்ட கதைதான்.

"தோலு என்ன அலுமினியப் பாத்திரமா, இந்தத் தேய் தேய்க்கிறீங்க?" என்று மனைவி அவரைத் தோல் மருத்துவரிடம் இழுத்துப் போனாள்.

"இது யாருக்கும் ஒட்டாது. கழுவிக் கழுவியே தோலைக் காய வச்சிருக்கீங்க," என்றார் மருத்துவர். "அந்தக் கிருமிநாசினிய விடுங்க. காரமில்லாத சோப்பு போதும். ஈரம் காயறதுக்குள்ள களிம்பு தடவுங்க. அரிப்பு நின்னாலும் நான் சொல்றவரைக்கும் மருந்த நிறுத்தாதீங்க."

"கழுவலன்னா அழுக்குன்னு பேசுவாங்களே?"

"கழுவ வேண்டாம்னு யாருங்க சொன்னா? ஊருக்காகக் கழுவாதீங்க."

அரிப்பு நின்றதும் நம் டாக்டர் மருந்தை நிறுத்தினார். சொன்ன பேச்சைக் கேட்டால் மரியாதை என்னாவது? மறுபடி வெடித்தது. அதன்பிறகு மனைவி பக்கத்தில் நின்று தடவவைத்தாள். கை மெல்ல ஆறியது, தழும்பு மட்டும் கொஞ்சம் மிச்சம்.

ஒருநாள் மேனேஜர் திரும்பி வந்தார், முழுக்கைச் சட்டை போட்ட சின்ன மகளோடு.

"பாப்பாவுக்கும் அதேதான் டாக்டரே. பள்ளிக்கூடத்துல பக்கத்துல யாரும் உக்கார மாட்டேங்குறாங்க. ஒட்டாதில்ல?"

டாக்டர் குழந்தையின் சட்டைக் கையை மடித்துவிட்டார். முழங்கை மடிப்பெல்லாம் சொறிந்த புண். அந்தக் கையைத் தன் கையில் ஏந்திக்கொண்டார்.

"ஒட்டாதும்மா. ஆறிடும்," என்றவர், மேனேஜரிடம் திரும்பினார். "தோல் டாக்டர்கிட்டக் கூட்டிட்டுப் போங்க. என் மருந்தெல்லாம் வேணாம்."

மேனேஜர் நன்றி சொல்லிக் கண்ணைத் துடைத்தபடி நாற்காலியில் உட்கார்ந்தார். டாக்டர் சீப்பை எடுத்தார். அந்த விரல்களைக் கண்ணாடியில் பார்த்த மேனேஜர் மெதுவாக நெளிந்தார்.

"தப்பா நெனைக்காதீங்க... ஒரு கையுறை போட்டுக்கலாமே?"

பின்னால் நின்ற பாப்பா, மடித்துவிட்டிருந்த சட்டைக் கையை மணிக்கட்டுவரை இழுத்துவிட்டுக்கொண்டாள். மேனேஜரும் அதைக் கண்ணாடியில் பார்த்தார்.