வான்சீல் வாங்கிய ஏறுபரண்

வான்சீல் ஹார்ட்சாக்குக்கு ஆண்பிள்ளைகள் போடும் முடிச்சுகளில் ஒருநாளும் நம்பிக்கை இருந்ததில்லை. கார்களுக்கு சீட் பெல்ட் தைக்கிற தொழிற்சாலையில் அவளுக்கு இருபத்தாறு வருட வேலை. ஒரு வாரைக் கையில் வாங்கி இப்படியும் அப்படியும் புரட்டினாலே போதும், எந்த இடத்தில் தையல் முதலில் விடும் என்று சொல்லிவிடுவாள். அலபாமாவின் அந்தச் சின்ன ஊரில் மான் வேட்டைக்குப் போகிற ஆண்களோ, மழையிலும் வெயிலிலும் கிடந்த கயிற்றை எடுத்து ஒரு இழு இழுத்துப் பார்த்துவிட்டு, "இது போதும்" என்று இருபது அடி உயரத்துக்கு ஏறிவிடுகிறவர்கள். அவர்களைப் பார்த்தால் அவளுக்குச் சிரிப்பு வரும். அது நல்ல சிரிப்பு இல்லை.

சிரிக்க அவளுக்கு உரிமை இருந்தது. பதினொரு வருடத்துக்கு முன் அவள் கணவன் டெல்மர், பழைய பலகைகளை மரத்தில் ஆணியடித்துக் கட்டிய பரணிலிருந்து விழுந்தான். காலையில் விழுந்தவனை மதியம்தான் கண்டெடுத்தார்கள். நாலு மணி நேரம் கத்தியிருக்கிறான். அடுத்த மேட்டில் உட்கார்ந்திருந்த இரண்டு பேருக்கு அது கேட்டும் இருக்கிறது. யாரோ நாயைக் கூப்பிடுகிறான் என்று நினைத்தார்களாம். டெல்மர் பிழைத்தான், ஆனால் அதற்குப் பிறகு ஊன்றுகோல் இல்லாமல் நடந்ததில்லை. வேட்டைக் கிளப்பில் அவனுக்கு இருந்த இடத்தை வான்சீல் எடுத்துக்கொண்டாள். இருபத்திரண்டு ஆண்களுக்கு நடுவே அவள் ஒருத்தி.

கிளப்பின் தலைவர் ராய்ஸ் டேட்டம், வான்சீலின் தம்பியோடு படித்தவன், அந்த ஊர் மரியாதைப்படி அவளை 'மிஸ்' போட்டுத்தான் கூப்பிடுவான். இன்ஷூரன்ஸ் ஏஜென்ட். ஊரில் யாருக்கு எப்போது என்ன ஆபத்து வரலாம் என்று காபிக் கடையில் உட்கார்ந்து விலாவாரியாக எடுத்துச் சொல்லுவான். தனக்கு ஒன்று வரும் என்று மட்டும் அவனுக்குத் தோன்றியதே இல்லை.

அக்டோபர் கூட்டத்தில் அவன் எழுந்து தொண்டையைச் செருமினான். ஒன்பது வருடமாக அவள் உட்கார்ந்து வந்த இடம், மான்களுக்காகப் புல் விதைத்த வயலோரம் ஏணி வைத்த பரண், பர்மிங்காமிலிருந்து வரும் ஒரு பல் டாக்டருக்காம்.

"தப்பா எடுத்துக்காதீங்க மிஸ் வான்சீல். டாக்டருக்கு முட்டி சரியில்ல. ஏணி இருந்தாத்தான் அவருக்குத் தோதுப்படும். உங்களுக்கு கிளப் வீட்டுப் பக்கத்துலயே ஒரு கூடாரம் போட்டுத் தர்றோம். நாற்காலி, ஹீட்டர், எல்லாம் உள்ள வச்சு."

"நாற்காலியும் ஹீட்டரும் என் வீட்லயே இருக்கு ராய்ஸ். அங்க மான் வர்றதில்ல. உன் கூடாரத்துக்கும் வராது. நான் ஓடைப் பள்ளத்துக்குப் போறேன்."

"அங்க பரணே இல்லியே?"

"ஏறுபரண் வாங்கிக்கிறேன்."

பின்வரிசையிலிருந்து எவனோ, "ஐம்பத்தினாலு வயசுல மரம் ஏறப் போறாங்களாம். தீயணைப்பு வண்டிக்கு இப்பவே சொல்லி வைங்கப்பா, பூனைய இறக்குற மாதிரி இறக்கணும்" என்றான். கூரை அதிரச் சிரித்தார்கள். ராய்ஸ்தான் அதிகம் சிரித்தான்.

ஏறுபரண் என்பது இரண்டு துண்டு. மேல்துண்டு உட்கார, கீழ்த்துண்டு நிற்க. இரண்டும் மரத்தைக் கட்டிப் பிடித்திருக்கும். மேலதில் உட்கார்ந்து கீழதைக் காலால் தூக்க வேண்டும், கீழதில் நின்று மேலதைக் கையால் தூக்க வேண்டும். கம்பளிப்புழு மாதிரிதான் ஏற்றம். இரண்டு துண்டையும் ஒரு கயிற்றால் சேர்த்துக் கட்டியிருக்க வேண்டும், ஏறுகிற ஆள் மரத்தோடு வாரால் கட்டப்பட்டிருக்க வேண்டும். இதை எந்தக் கடைக்காரனும் முதலில் சொல்லுவதில்லை.

சனிக்கிழமை டெல்மரைக் காரில் ஏற்றிக்கொண்டு கடைக்குப் போனாள். தாடிக்கு எண்ணெய் போட்டுச் சீவியிருந்த விற்பனையாளன் நேராக டெல்மரிடம் போய், "சார் எவ்வளவு எடை இருப்பீங்க?" என்றான்.

"என் எடை உனக்கு எதுக்குய்யா? ஏறப்போறது அவ."

அவன் முகம் ஒரு மாதிரி ஆயிற்று. சமாளித்துக்கொண்டு பெரிய பரண் ஒன்றைக் காட்டினான். மெத்தை இருக்கை, கைப்பிடி, காபிக் கோப்பை வைக்க ஒரு வளையம். "இந்த வருஷம் இதுதான் ஓடுதும்மா. நம்ம ஊர் வேட்டைக் கிளப் தலைவர் ராய்ஸ்கூட இதைத்தான் வாங்கிட்டுப் போனார். வீட்டு சோபால உட்கார்ந்த மாதிரி இருக்கும்."

"சோபாவ முதுகுல தூக்கிட்டு ஒரு மைல் நடக்கச் சொல்றியா? சரி, கீழயே அந்தக் கம்பத்துல மாட்டு. பார்ப்போம்."

டெல்மரைப் பத்தடி தள்ளி, முதுகு காட்டி, கண்ணை மூடி உட்காரச் சொன்னாள். "சத்தம் கேட்டா கையத் தூக்கு." அவள் ஏறி உட்கார்ந்தாள், திரும்பினாள், தோளில் துப்பாக்கி வைப்பதுபோல் சாய்ந்தாள். டெல்மர் கையைத் தூக்கியவன் இறக்கவே இல்லை.

"இறக்கு, போதும்."

"எங்க இறக்க விடுறே? மாட்டு வண்டி மாதிரி கத்துது."

இரண்டாவது பரணில் மரத்தைப் பிடிக்கும் சங்கிலி குழாயில் உரசிக் கிணுகிணுத்தது. டெல்மர் நாலு தரம் கை தூக்கினான். மூன்றாவது ஒரு எளிய அலுமினியப் பரண். சங்கிலிக்குப் பதில் ரப்பர் உறை போட்ட கம்பிவடம், வலைத்துணி இருக்கை. டெல்மரின் கை மடியிலேயே கிடந்தது. தூங்கிவிட்டானோ என்று அவளே எட்டிப் பார்த்தாள்.

"தூங்கலை. நீ ஏறிட்டியா?" என்றான்.

அப்புறம் அவள் மண்டியிட்டு ஒவ்வொரு பற்றவைப்பையும் விரலால் தடவினாள். பட்டையைக் கடிக்கும் பற்களை எண்ணிப் பார்த்தாள். எத்தனை எடை தாங்கும் என்று எழுதிய தகட்டைக் கண்ணாடி போட்டுப் படித்தாள். பெட்டியோடு இலவசமாக வந்த பாதுகாப்பு வாரைப் புரட்டியவள் அதை மேசைமேல் போட்டாள்.

"இந்தத் தையலை எங்க லைன்ல எவளாவது தைச்சிருந்தா அன்னிக்கே வீட்டுக்கு அனுப்பிருப்பாங்க. வேற எடு."

வேறு எடுத்தான். அந்த மூன்றாவது பரணையும், நாலாவதாகக் காட்டிய வாரையும் வாங்கினாள்.

மூன்று வாரம் கொல்லைப்புறப் பைன் மரத்தில் பழகினாள். முதல் வாரம் ஒரு அடி உயரத்துக்கு மேல் போகவில்லை. டெல்மர் சமையலறை ஜன்னலிலிருந்து வேர்க்கடலை தின்றபடி வர்ணனை செய்தான். குழாய்களுக்குள் பஞ்சு அடைத்து, உரசும் இடமெல்லாம் துணிப் பட்டை சுற்றினாள். கண்ணை மூடிக்கொண்டு வாரை மாட்டவும் கழற்றவும் கை தானாகப் பழகிற்று.

நவம்பரில் துப்பாக்கியால் மான் வேட்டையாடும் பருவம் தொடங்கிய நாள், வெளிச்சம் வருமுன்பே ஓடைப் பள்ளத்தில் கிளையில்லாத ஒரு பாப்லர் மரத்தில் பதினெட்டு அடி உயரத்தில் அவள் உட்கார்ந்திருந்தாள். பொழுது புலர்ந்ததும் மூன்று பெட்டை மான்கள் வந்து, அவளுக்கு நேர் கீழே, பக்கத்து ஓக் மரம் உதிர்த்த கருவாலிக் கொட்டைகளைக் கொறித்தன. ஒன்றும் தலை தூக்கவில்லை. அவற்றுக்குப் பின்னால் புதருக்குள் ஆண் மானின் கொம்பு ஒன்று அசைந்தது. மெதுவாகத் துப்பாக்கியை எடுத்தாள்.

அப்போதுதான் மேட்டின் மேலே ஆரம்பித்தது, கடகடவென்று பாத்திரக்கடை உருளுகிற சத்தம். சூரியன் வந்தபிறகு ராய்ஸ் டேட்டம் தன் சோபாவோடு மரம் ஏறுகிறான். பெட்டைகள் வாலைத் தூக்கின. கொம்பு திரும்பியது. அடுத்த நொடி பள்ளத்தில் ஒரு மானும் இல்லை.

அவள் வாய்க்குள்ளேயே அவனைத் திட்டினாள். மேலே 'தடால்' என்று ஏதோ விழுந்தது. பிறகு, "யாராவது இருக்கீங்களா!" என்று ராய்ஸின் குரல்.

அவள் எழுந்திருக்கவில்லை. இவ்வளவு பலமாகக் கத்துகிறவன் சாகிறவன் இல்லை என்று தெரிந்தது. கத்தட்டும், அந்தக் கொம்பு ஓடையைச் சுற்றித் திரும்பி வந்தாலும் வரும் என்று அப்படியே உட்கார்ந்திருந்தாள். ஐந்து நிமிடம் போயிருக்கும். ராய்ஸின் குரல் கம்மியது. கம்மிய குரலில், தூரத்தில், அது நிஜமாகவே யாரோ நாயைக் கூப்பிடுவதுபோல்தான் கேட்டது. வான்சீல் துப்பாக்கியிலிருந்து தோட்டாவை எடுத்துவிட்டு அதைக் கயிற்றில் இறக்கினாள். அவசரத்திலும் ஒரு படியையும் விடாமல், வாரைக் கழற்றாமல், முறையாகவே இறங்கினாள். பிறகு ஓடினாள்.

ராய்ஸ் இருபதடி உயரத்தில் மேல்துண்டில் உட்கார்ந்து மரத்தைக் கட்டிப் பிடித்திருந்தான். கால்கள் அந்தரத்தில் ஆடின. கீழ்த்துண்டு வேரோரம் கிடந்தது. இரண்டையும் சேர்த்துக் கட்டவேண்டிய கயிறு, புதுக் கருக்கு மாறாமல், மரத்தடியில் அவன் வைத்திருந்த பையில் சுருட்டியபடி இருந்தது. போனும் அதே பையில்தான்.

"மிஸ் வான்சீல்! கடவுளே, நீங்களா! யாருக்கும் போன் பண்ணிடாதீங்க. ஏதாவது செஞ்சு இறக்கி விட்டுடுங்க."

"எப்படி? குலுக்கவா?"

"விளையாடாதீங்க, கால் மரத்துப் போச்சு!"

"உன் வார் எங்க?"

அவன் மரத்தை இன்னும் இறுக்கிக் கட்டிக்கொண்டான்.

"எங்கன்னு கேட்டேன்."

"வண்டில. அதெல்லாம் கூரை வேலைக்காரங்களுக்குன்னு..." என்று முனகினான்.

துப்பாக்கியை மேலே இழுக்க அவன் தொங்கவிட்டிருந்த கயிறு தரையைத் தொட்டுக்கொண்டிருந்தது. அவள் அதிலிருந்த அவன் துப்பாக்கியை அவிழ்த்து வைத்துவிட்டு, தன் உடம்பிலிருந்த வாரைக் கழற்றி அதில் கட்டினாள்.

"இழு. முதல்ல மரத்தைச் சுத்திக் கட்டு. கை நடுங்கினா நிறுத்து, மூச்சு விடு. அப்புறம் ஒவ்வொரு காலா மாட்டு. நான் சொன்ன வரிசையில."

அவன் மாட்டினான். கொக்கி விழுந்த சத்தம் காதில் கேட்டபிறகுதான் அவள் போனை எடுத்தாள்.

"வேணாம் மிஸ் வான்சீல், ஊரே சிரிக்கும்!"

"சிரிக்கட்டும். செத்தாத்தான் அழுவாங்க."

தீயணைப்பு வண்டி முக்கால் மணி நேரத்தில் வந்தது. அந்த ஊரில் தீயணைப்பு தன்னார்வலர்கள் வேலை, அவர்களில் பாதிப் பேர் கிளப்காரர்கள். ஏணியை நிமிர்த்தும்போது ஒருவனும் பூனையைப் பற்றிப் பேசவில்லை. ஒருவனும் அவள் முகத்தைப் பார்க்கவும் இல்லை.

அன்று வீட்டில் டெல்மரிடம் அந்த ஐந்து நிமிடத்தைச் சொன்னாள். அவன் சோள ரொட்டியைத் துண்டு துண்டாகப் பிய்த்து முடித்தான்.

"போனியா இல்லியா?" என்றான் கடைசியில்.

"போனேன்."

"அப்போ சாப்பிடு."

அவள் சாப்பிட்டாள். ஆனால் ருசி தெரியவில்லை.

அடுத்த சனிக்கிழமை கிளப் விருந்தில் ராய்ஸ் எழுந்து நின்றான். பரணின் கம்பிவடத்தில் ஏதோ தயாரிப்புக் கோளாறு என்றான். பதறாமல் இருந்ததால்தான் தப்பினேன் என்றான். இந்த அனுபவத்தில் யோசித்துப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்திருப்பதாகச் சொல்லி, இனி வார் இல்லாமல் யாரும் மரம் ஏறக்கூடாது என்று ஒரு விதி கொண்டுவந்தான். எல்லோரும் கை தட்டினார்கள். வான்சீலின் பெயர் அந்தப் பேச்சில் எங்கும் வரவில்லை. கடைசியில் மட்டும் அவள் பக்கம் குனிந்து, "ஏணிப் பரணை நீங்களே எடுத்துக்கங்க. டாக்டருக்கு நான் வேற இடம் பார்க்கிறேன்" என்று ரகசியம்போல் சொன்னான்.

"வேணாம் ராய்ஸ். முட்டி சரியில்லாதவர் உட்காரட்டும். எனக்கு முட்டி நல்லாத்தான் இருக்கு."

விதி வந்ததும் ஆண்கள் ஒவ்வொருவராக, சாமான் அறையிலும் வண்டியின் பின்பக்கத்திலும் வருடக்கணக்காகக் கிடந்த வார்களோடு அவள் வீட்டுக்கு வரத் தொடங்கினார்கள். எலி கடித்தது, பூஞ்சை பிடித்தது, காலாவதித் தேதியே அழிந்துபோனது. பதினாலில் ஒன்பதை அவர்கள் கண்முன்னாலேயே கத்தரியால் துண்டாக வெட்டிக் குப்பையில் போட்டாள். ஒருவன், "அடப்பாவமே, இன்னும் ஒரு வருஷம் வந்திருக்குமே" என்றான்.

"அது வந்திருக்கும். நீ வந்திருக்க மாட்டே" என்றாள்.

ஜனவரியில், பருவம் முடிய ஆறு நாள் இருக்கும்போது, அதே பள்ளத்தில் எட்டுக் கிளைக் கொம்புள்ள ஆண் மான் ஒன்றைச் சுட்டாள். எடை போடும் இடத்தில் ராய்ஸ் அதைச் சுற்றி வந்து பார்த்துவிட்டு, "அதிர்ஷ்டம்தான், என்ன சொல்றீங்க" என்றான். அவள் எடையைப் படித்துச் சீட்டில் எழுதினாள்.

அந்தப் பருவத்தில் கிளப்பில் ஒருவரும் விழவில்லை. வசந்தத்தில் அந்த வட்டாரத்து வேட்டைக் கிளப்புகள் எல்லாம் சேர்ந்து நடத்திய விருந்தில், பாதுகாப்புக்கு வழிகாட்டிய தலைவர் என்று ராய்ஸ் டேட்டத்துக்கு ஒரு மரக்கேடயம் கொடுத்தார்கள். வான்சீலும் டெல்மரும் போயிருந்தார்கள். பன்றி வாட்டல் நன்றாக இருந்தது. இரண்டாம் தடவையும் வாங்கிச் சாப்பிட்டுவிட்டு, பேச்சு தொடங்குமுன் கிளம்பிவிட்டார்கள்.